கொடி அன்று மண்ணுக்கு, இன்று வங்கிக்கு

கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில், லயத்து வீட்டிலேயே பிள்ளை பெற்ற காலத்தில், நஞ்சுக்கொடியைப் புதைக்க வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டுவார்கள். நாய் தோண்டாத ஆழம் இருந்தால் போதும். பிள்ளையின் தொப்புளில் ஒட்டியிருக்கும் மிச்சத் துண்டு ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்து உதிரும். அதைத் தூக்கிப் போடாமல் எடுத்துவைத்து, தாயத்தில் அடைத்து அரைஞாண் கயிற்றில் கட்டிவிடும் வழக்கம் சில குடும்பங்களில் இருந்தது. காத்துக் கருப்பு அண்டாது என்பது நம்பிக்கை. தோட்டத்து டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர், வந்து பார்த்தால் தாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். தொப்புளில் சாம்பலைக் கீம்பலை வைக்காதீர்கள் என்று அதட்டிவிட்டுப் போவார்.

இன்று அதே கொடிக்கு மருத்துவமனை வாசலில் ஆள் காத்திருக்கிறார். பெட்டாலிங் ஜெயாவிலோ சுபாங்கிலோ தனியார் மருத்துவமனையில் பேறு பார்க்கும் தம்பதி, வலி எடுக்கும் முன்பே பாரத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு பெட்டியைக் கையோடு கொண்டுபோகிறார்கள். பிள்ளை பிறந்து கொடியை வெட்டியதும், அதில் தங்கிய ரத்தத்தை ஊசி வழியாகப் பையில் இறக்குகிறார்கள். நூறு மில்லிலிட்டர் கிடைத்தால் நல்ல அளவு. அது ஆய்வகத்துக்குப் போய், அணுக்கள் பிரிக்கப்பட்டு, திரவ நைட்ரஜன் தொட்டியில் மைனஸ் 196 டிகிரியில் உறைகிறது. முதலில் சில ஆயிரம் வெள்ளி. பிறகு ஆண்டுச் சந்தா. தனியார் தொப்புள்கொடி ரத்த வங்கிகள் மலேசியாவுக்கு வந்தது 2000களின் தொடக்கத்தில்தான். இரண்டே தலைமுறைக்குள் கொடி குழியிலிருந்து கிளம்பித் தொட்டிக்கு வந்துவிட்டது.

இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம் முன்னோர்கள் அன்றே ஸ்டெம் செல்லைத் தாயத்தில் சேமித்தார்களாம். பிள்ளைக்குப் பின்னாளில் தீராத நோய் வந்தால் அந்தத் துண்டை அரைத்துக் கொடுத்தால் குணமாகுமாம். வெள்ளைக்காரன் இன்றுதான் அதைக் கண்டுபிடித்தானாம். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் யாராவது இதைச் சொல்லக் கேட்கலாம். விஷயம் இதுதான்: ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல் இருப்பது கொடிக்குள் ஓடும் ரத்தத்தில். காய்ந்து உதிரும் துண்டில் உயிருள்ள அணு எதுவும் மிஞ்சுவதில்லை. உயிருள்ள அணுவே கிடைத்தாலும் அரைத்து விழுங்கினால் வயிறு அதைச் செரித்துவிடும். நோயாளிக்கு அது ரத்தக் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். தாயத்துக்கு அதற்குரிய மரியாதை உண்டு. பிறந்த பிள்ளை தங்குமா என்று தெரியாத காலத்தில் ஒரு தாயால் செய்ய முடிந்த சில காரியங்களில் அது ஒன்று. அதற்கு அறிவியல் சட்டை மாட்டிவிடுவது வேண்டாத வேலை. 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தரே எழுந்து, கௌரவர் நூறு பேரும் ஸ்டெம் செல்லால் பிறந்தவர்கள் என்று பேசினார். துணைவேந்தரே அப்படிப் பேசினால் வாட்ஸ்அப்பைக் குறைசொல்லி என்ன பயன்?

உண்மையில் நடந்த கதை இதைவிடச் சுவையானது. பெருமைப்பட வேண்டுமானால் அதிலேயே போதுமான அளவு இருக்கிறது.

நம் சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாள்தான் வாழும். தினமும் கோடிக்கணக்கில் சாகும் இவற்றை ஈடுகட்டுவது எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும் ஒரு சிறு கூட்டம் அணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள். எவ்வளவு பசித்தாலும் விவசாயி விதைநெல்லைச் சோற்றுக்கு எடுக்க மாட்டான் அல்லவா? இந்த அணுவும் தன் வகையில் ஒரு பங்கை அப்படியே வைத்துக்கொண்டு, மறுபங்கைத்தான் சிவப்பணுவாகவும் வெள்ளையணுவாகவும் தட்டணுவாகவும் முதிர விடுகிறது. டொரோண்டோவில் டில், மெக்கல்லாக் என்ற இருவர் 1961இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1957இல், அமெரிக்க மருத்துவர் டொன்னல் தாமஸ் ஆறு நோயாளிகளுக்கு அடுத்தவர் மஜ்ஜையை ஏற்றிப் பார்த்திருந்தார். ஆறு பேரும் நூறு நாளுக்குள் இறந்துபோனார்கள். அந்தத் துறையில் இருந்தவர்கள் பலர் இது ஆகாத காரியம் என்று விலகினார்கள். அவர் விடவில்லை. 1990இல் நோபெல் பரிசு வந்தது.

கோலாலம்பூருக்கு அந்தச் சிகிச்சை வந்தது 1987இல். லெம்பா பந்தாயில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில், இன்றைய மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், குழந்தை மருத்துவர் லின் ஹை பெங் தலைமையில் நாட்டின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்றம் நடந்தது. வேலூர் சி.எம்.சி.யிலும் அதற்கு ஓராண்டு முன்புதான், 1986இல், இந்தச் சிகிச்சை தொடங்கியிருந்தது. மலேசியாவிலிருந்து சிகிச்சைக்காக வேலூருக்கு ஓடிக்கொண்டிருந்த நம்மவர்களுக்கு இந்த வேகம் வியப்பாக இருக்கலாம்.

அதற்கு முந்திய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று எழுதிக் கொடுத்தால், மருந்து சிலரைக் காப்பாற்றும். நோய் திரும்பி வந்தால் கதை முடிந்தது. கையில் காசு உள்ளவர் லண்டனுக்குக் கொண்டுபோவார். மற்றவர்களின் பிள்ளைகளுடைய படம் தமிழ் நாளேட்டில் நிதி கேட்டு வரும். சில வாரம் கழித்து அதே பக்கத்தில் கண்ணீர் அஞ்சலியாகவும் வரும். மஜ்ஜை மாற்றம் இந்த வரிசையை முறித்தது. கடும் மருந்தால் நோயாளியின் சொந்த மஜ்ஜையை அழித்துவிட்டு, கொடையாளியின் அணுக்களை ரத்தம் ஏற்றுவதுபோலவே கையிலோ மார்பிலோ குழாய் வழியாக ஏற்றுவார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் வழி கண்டுபிடித்துப் போய்க் குடியேறும். புது ரத்தம் ஊற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை தனியறை, பார்க்க வருபவருக்கும் முகக்கவசம். பிறகும் ஆபத்து தீராது. வந்த வெள்ளையணுக்கள் குடியேறிய உடம்பையே அந்நியமாக நினைத்துத் தாக்கும். தோல் உரியும், குடல் புண்ணாகும், ஈரல் கெடும். பிழைத்தவர்களிலும் பலர் ஆண்டுக்கணக்கில் மருந்தோடு வாழ்கிறார்கள். இதை அற்புதம் என்று எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்து எழுத வேண்டும். பெரியவர்களுக்கான சிகிச்சை கோலாலம்பூர் மருத்துவமனையில் வளர்ந்து, பிறகு அம்பாங் மருத்துவமனைக்கு மாறியது. இன்று ரத்த நோய்களுக்கு நாடெங்கிலுமிருந்து அனுப்பப்படும் அரசாங்க மையம் அதுதான். செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே சுமக்கிறது.

இங்கே ஒரு கொடுமையான கணக்கு இருக்கிறது. மஜ்ஜை பொருந்த வேண்டுமானால் எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளம் ஒத்துப்போக வேண்டும். பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருவதால், கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தோட்டத்தில் எட்டுப் பிள்ளை பெற்ற குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால், மற்ற ஏழு பேரில் யாராவது ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு 87 விழுக்காடு. ஷா ஆலமில் அடுக்குமாடியில் இரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடும்பத்துக்கு அதே வாய்ப்பு 25 விழுக்காடு. ஒற்றைப் பிள்ளைக்கு வாய்ப்பே இல்லை. அண்ணன் தம்பி நிறைய இருந்த காலத்தில் சிகிச்சை இல்லை. சிகிச்சை வந்தபோது அண்ணன் தம்பி இல்லை.

அதனால் வெளியாரைத் தேட வேண்டியதாயிற்று. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், நாம் ஐ.எம்.ஆர். என்று சொல்லும் இடத்தில், மலேசியக் கொடையாளர் பதிவகம் தொடங்கியது. இன்று அதன் பெயர் மலேசிய ஸ்டெம் செல் பதிவகம். பெயரைக் கொடுத்துச் சிறிது ரத்தமும் கொடுத்தால் திசு அடையாளம் பதிவாகும். யாரோ ஒரு நோயாளிக்குப் பொருந்தினால் கூப்பிடுவார்கள். உலகப் பதிவகங்களில் மொத்தம் நான்கு கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஆனால் திசு அடையாளம் வம்சாவளியோடு வருவது. 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, அங்கே ஐரோப்பிய வழிவந்த ஒருவருக்குப் பதிவகத்தில் முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு. கறுப்பினத்தவருக்கு 20 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. அவர்கள் உடம்பில் குறை ஒன்றுமில்லை. பதிவேட்டில் அவர்கள் இனத்துப் பெயர்கள் குறைவு, அவர்களுடைய திசு வகைகளோ அதிகம்; அவ்வளவுதான். மலேசியப் பதிவகத்தில் இருப்பவர்கள் எல்லா இனத்தையும் சேர்த்துச் சில பத்தாயிரம் பேர். மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 7 விழுக்காடு. ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அங்கே பொருத்தம் தேடும் மருத்துவரின் கணினித் திரையில் என்ன தெரியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது பாதிப் பொருத்தமே போதும் என்ற முறையும் வந்துவிட்டது. அப்பாவோ அம்மாவோ பெற்ற மகனோ கொடுக்கலாம். மாற்றத்துக்குப் பின் ஒரு குறிப்பிட்ட மருந்தைக் கொடுத்து எதிர்ப்பை அடக்குகிறார்கள். பல குடும்பங்களுக்கு இதுதான் கதவைத் திறந்தது. ஆனாலும் முழுப் பொருத்தம் கிடைத்தால் மருத்துவர் அதைத்தான் முதலில் எடுக்கப் பார்ப்பார்.

இந்த இடத்தில்தான் தனியார் வங்கி விற்பனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிள்ளானில் ஒரு பேரங்காடியில் தாய்சேய்க் கண்காட்சி நடந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியான தங்கை மகளோடு போயிருந்தேன். துண்டறிக்கையோடு வந்த பெண் நல்ல பெண்தான், தமிழ்ப் பெண். “ஆண்டி, இது இன்சூரன்ஸ் மாதிரி. பேபிக்கு நாளைக்கு ஏதாவது ஆனா, பேபியோட சொந்த செல்லே ரெடியா இருக்கும்.” “ரத்தப் புற்றுநோய் வந்தா பிள்ளையோட சொந்த ரத்தத்தையே திரும்ப ஏத்துவாங்களாம்மா?” என்று கேட்டேன். டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். பதில் எனக்குத் தெரிந்ததுதான். குழந்தைப் பருவ ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். நோய்க்கு வித்திட்ட பிழை பிறக்கும்போதே அந்த ரத்தத்தில் இருந்திருக்கக்கூடும். பரம்பரை ரத்த நோயான தலசீமியாவிலும் அப்படித்தான். பிள்ளையின் கொடி ரத்தத்திலும் அதே பழுதுபட்ட மரபணுதான் இருக்கும்.

உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றம் 1988இல் பாரிஸில் நடந்தது. எலியான் க்ளுக்மன் என்ற மருத்துவர் செய்தார். அரிய ரத்தச்சோகை கொண்ட ஒரு அமெரிக்கச் சிறுவன் பிழைத்தான். அவனுக்கு ஏற்றியது அவன் தங்கையின் கொடி ரத்தம். சொந்த ரத்தம் கிடையாது. தொடங்கிய நாளிலேயே இது பிறருக்குக் கொடுக்கும் சிகிச்சையாகத்தான் இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1999இலேயே, ஒரு பிள்ளை தன் கொடி ரத்தத்தைத் தானே பயன்படுத்தும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு லட்சத்தில் ஒன்று வரை என்று பலவிதமாகக் கணக்கிடப்படுவதைச் சுட்டிக்காட்டி, காப்பீடாக நினைத்துத் தனியாகச் சேமிப்பது புத்திசாலித்தனம் ஆகாது என்றது. மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே நோய் இருக்கும் குடும்பம் மட்டும் விதிவிலக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பின்னாளில் அதே கருத்துக்குத்தான் வந்தது. இன்னொன்று: ஒரு கொடியில் கிடைக்கும் அணுக்கள் சிறு பிள்ளைக்குப் போதும், வளர்ந்தவருக்குப் பெரும்பாலும் போதாது. துண்டறிக்கையில் இந்த வரி இருந்தால், பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும்.

காசு கொடுத்துச் சேமித்தவர்களுக்கும் நிம்மதி உறுதியில்லை. 2023 நவம்பர் இறுதியில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சு, கார்ட்லைஃப் நிறுவனத்தின் தொட்டிகளில் குளிர் குறைந்துபோனதைக் கண்டுபிடித்து அறிவித்தது. முதற்கட்டக் கணக்கிலேயே சுமார் 2,200 பைகள் கெட்டுப் போயிருந்தன. ஆண்டு தவறாமல் சந்தா கட்டிய பெற்றோர் பலருக்குச் செய்தியில்தான் விவரம் தெரிந்தது. பக்கத்து நாட்டில் நடந்தது நமக்கென்ன என்று கேட்கக்கூடாது. உங்கள் வங்கியின் தொட்டியை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பணத்தைத் தாண்டி ஒழுக்கம் என்று ஒன்றும் இருக்கிறது. கேட்டுச் செய்வது, கேட்காமல் செய்வது என்ற விஷயத்தில் கோலாலம்பூருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1900இல் தொடங்கிய ஐ.எம்.ஆரின் ஆரம்ப காலத் தலைவலி பெரிபெரி. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கால் வீங்கி, நெஞ்சடைத்துச் செத்தார்கள். தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. தமிழர் தின்றது புழுங்கலரிசி, சீனர் தின்றது தீட்டிய சயாம் அரிசி என்ற வேறுபாட்டை பிராடன் என்ற மருத்துவர் கவனித்துச் சொன்னார். அதைச் சோதிக்க வில்லியம் ஃபிளெட்சர் 1905 முடிவில் கோலாலம்பூர் மனநோய் விடுதிக்குப் போனார். உள்ளே இருந்தவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண் போட்டார். ஒற்றை எண்காரர்களுக்குத் தீட்டிய அரிசி, இரட்டை எண்காரர்களுக்குப் புழுங்கலரிசி. ஓராண்டில் தீட்டிய அரிசி தின்ற 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். மறுபக்கத்தில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. 1907இல் லண்டன் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. உலக ஊட்டச்சத்து வரலாற்றில் அது மைல்கல்தான். அந்தப் 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நம் பாட்டன் சாப்பிட்ட அரிசியின் பெருமையைப் பேசும்போது அந்த ஒற்றை எண்காரர்களையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

அதே ஐ.எம்.ஆரில் இன்று ஒரு கொடையாளர் கையெழுத்துப் போடாமல் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க முடியாது. போட்ட பிறகும், கடைசி நிமிடம்வரை மனம் மாறலாம். நோயாளியின் மருந்து தொடங்கிய பிறகு மாறினால் அவர் உயிர் போகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இந்த இடத்துக்கு வந்து சேர நூறாண்டு ஆனது.

கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்தான் பெரிய வழக்கு. 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் ஐந்தாறு நாள் கருவிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். உடம்பின் எந்த அணுவாகவும் அது மாறும். ஆனால் எடுத்தால் கரு அழியும். கத்தோலிக்கத் திருச்சபை முழுதாக எதிர்த்தது. மலேசியாவில் தேசிய ஃபத்வாக் குழு 2005 பிப்ரவரியில் கூடி, சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் மிஞ்சிய கருக்களைப் பெற்றோர் சம்மதத்தோடு சிகிச்சை ஆய்வுக்குப் பயன்படுத்தலாம், ஆய்வுக்கென்றே கருவை உருவாக்கக் கூடாது என்று முடிவு சொன்னது. சுகாதார அமைச்சின் 2009 வழிகாட்டியும் ஆய்வுக்காகக் கரு உருவாக்குவதைத் தடுத்தது. நம் சமயத்தில் இப்படித் தீர்ப்புச் சொல்ல ஒரே பீடம் கிடையாது. கரு தங்கிய கணமே உயிர் வந்துவிட்டது என்பாரும் உண்டு. தேவர்களுக்காகத் தன் எலும்பையே கொடுத்த ததீசி முனிவரைக் காட்டி, உயிர் காக்கக் கொடுப்பதில் தப்பில்லை என்பாரும் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் கந்தசாமி கோயில் வாசலில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பதில் வரும். குறையாக நான் இதைச் சொல்லவில்லை.

சண்டை ஓயும் முன்பே இரண்டு நிகழ்ச்சிகள். கொரியாவில் ஹ்வாங் வூ-சுக், மனிதக் கருவைப் படியெடுத்து ஸ்டெம் செல் எடுத்துவிட்டதாக எழுதியது 2005 முடிவில் மோசடி என்று தெரியவந்தது. தன் ஆய்வகத்தில் வேலைபார்த்த இளம்பெண்களிடமிருந்தே கருமுட்டை வாங்கியிருந்தார் என்பதும் கூடவே அம்பலமானது. மறு ஆண்டே ஜப்பானில் ஷின்யா யமனகா, எலியின் தோலணுவுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருவணு நிலைக்கே திருப்பிவிட்டார். 2007இல் மனிதத் தோலிலும் அது நடந்தது. 2012இல் நோபெல். கருவை அழிக்காமலே வழி கிடைத்துவிட்டது என்றாலும் வழக்கு முடிந்துவிடவில்லை. 2025இல் வெளியான ஒரு சர்க்கரை நோய் ஆய்வில், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த அணுக்களை முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டில் இன்சுலின் ஊசியை விட்டார்கள். அந்த அணுக்கள் கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் வழி வந்தவைதான்.

இந்தச் செய்தியைக் கேட்டுக் காதைத் தீட்டியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது இன்சுலினே சுரக்காமல் போகும் முதல் வகை நோய். அதிலும் உடல் எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டாக வேண்டும். நம் வீடுகளில் உட்கார்ந்திருப்பது இரண்டாம் வகை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை. நாட்டிலேயே அதிகம். இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் “ஸ்டெம் செல் போட்டால் சர்க்கரை போகும், முட்டி வலி போகும், இளமை திரும்பும்” என்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க அழகு நிலையங்களும் சில கிளினிக்குகளும் விளம்பரம் செய்கின்றன. ஆட்டு நஞ்சுக்கொடி மாத்திரையும் இதே பெயரில்தான் விற்கிறது. ஒருகாலத்தில் தோட்டத்துக்குச் சைக்கிளில் வந்து லேகியம் விற்றவனிடம் குறைந்தது பேரமாவது பேச முடிந்தது.

கண் விஷயத்தில் இந்த இரு முகமும் பளிச்சென்று தெரியும். பிரிக்பீல்ட்ஸை லிட்டில் இந்தியா என்று 2010க்குப் பிறகு வந்தவர்கள் சொல்வார்கள். அதற்கு வெகு முன்பிருந்தே அது பார்வையற்றோரின் ஊர். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான். வெள்ளைக்கோலோடு சாலை கடப்பவர்களும், பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்களும் அந்தத் தெருக்களின் அன்றாடம். அவர்களில் சிலருக்கு ஸ்டெம் செல் உண்மையிலேயே உதவும். கருவிழியின் ஓரத்தில் ஒரு வளையமாக ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அமிலமோ சுண்ணாம்போ பட்டு அது அழிந்தால் விழி வெளுத்துப்போகும். மறுகண்ணிலிருந்து ஒரு துளித் திசுவை எடுத்துப் பதித்து அதை மீட்க முடியும். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை இதற்கு எளிய முறை ஒன்றை 2012இல் வெளியிட்டது. ஐரோப்பா 2015இல் இத்தகைய சிகிச்சை ஒன்றுக்கு அனுமதி தந்தது. ஆனால் விழித்திரை கெட்டவருக்கும் நரம்பு செத்தவருக்கும் இது பயன்படாது. அவர்களுக்கும் பயன்படும் என்று ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக் காசு வாங்கியது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்ததை மூன்று பெண்களின் இரு கண்ணிலும் ஊசியில் ஏற்றியது. மூவருக்கும் இருந்த பார்வையும் பெரும்பகுதி போனது. 2017இல் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. அவர்களில் ஆய்வில் சேர்ந்ததாக நம்பியவரும் உண்டு. அந்த ஆய்வுக்குக் கட்டணமும் கட்டியிருந்தார்கள். ஃபிளெட்சர்கூட யாரிடமும் காசு வாங்கவில்லை.

மலேசியாவில் இதற்கு வேலி உண்டு. தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை, அணு, மரபணுச் சிகிச்சைப் பொருள்களை மருந்துக்குச் சமமாகப் பதிவுசெய்ய 2016இல் வழிகாட்டி தந்தது. 2021 முதல் அது நடைமுறை. மஜ்ஜை மாற்றம் போன்ற நிலைபெற்ற சிகிச்சை அரசாங்க மருத்துவமனையில் நடக்கிறது. செராஸில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை திசுப் பொறியியல் மையத்தில் தோல் வளர்க்கும் ஆய்வும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் குருத்தெலும்பு ஆய்வும் குழுக்களின் அனுமதியோடு ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்கின்றன. உண்மையான ஆய்வு மெல்லத்தான் நகரும். ஒரே வாரத்தில் பத்து நோய்க்கு மருந்து என்று சொல்பவரிடம் பதிவு எண் கேளுங்கள். ஆய்வு என்று சொன்னால் எந்த ஒழுக்கக் குழு அனுமதித்தது என்று கேளுங்கள். ஆய்வில் சேர நோயாளியிடமே காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம்மிடம் பணம் கேட்காமல் பெயரை மட்டும் கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. மலேசிய ஸ்டெம் செல் பதிவகத்தில் சேரச் சிறு ரத்த மாதிரி போதும். கூப்பிட்டால், பெரும்பாலும் முதுகில் ஊசி கிடையாது. ஐந்து நாள்போல ஓர் ஊசி மருந்து போட்டு மஜ்ஜை அணுக்களை ரத்தத்துக்கு இறக்கி, ஒரு கையில் எடுத்து, இயந்திரத்தில் பிரித்து, மறு கையில் திருப்பி ஏற்றுவார்கள். சில மணி நேர வேலை. உடம்பு வலியும் தலைவலியும் ஒருசில நாள் இருக்கும். எடுத்தது சில வாரத்தில் ஊறிவிடும். கோயில் திருவிழாவில் ரத்ததானக் கூடாரம் போடும் நிர்வாகங்கள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நிறைய இருக்கின்றன. அடுத்த முகாமுக்குத் தேசிய ரத்த மையத்துக்குக் கடிதம் எழுதும்போது, ஸ்டெம் செல் பதிவுக்கும் ஒரு மேசை வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். வருகிற தமிழ் இளைஞர்களில் கொஞ்சம் பேர் பெயர் கொடுத்தாலும், அந்தப் பதிவேட்டில் நம் பிள்ளைகளுக்கான வரிகள் அத்தனை கூடும்.